பழைய எஞ்சினும் பழுதில்லாப் பெயரும்



வரலாறு என்ற சொல்லைக் கேட்டவுடன் முடிமன்னரும் படையெடுப்புகளும் உடன்படிக்கைகளும் உங்கள் நினைவுக்கு வருதல் இயல்பு. தேர்வுத்தாள்களும் பெரும்பாலும் அவற்றைப் பற்றியே வினவுகின்றன. ஆனால் ஒரு போர் முடிந்த மறுநாள் என்ன நிகழ்கிறது என்பதைப் பாடநூல்கள் ஓரிரு வரிகளில் கூறி முடித்துவிடும். படைவீரன் வீடு திரும்புகிறான். அவனுக்கு உணவும் குண்டும் சுமந்து சென்ற லாரி என்ன ஆகிறது? இக்கேள்வியை யாரும் கேட்பதில்லை.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அதுவே. போரில் உழைத்துத் தேய்ந்த ஒரு லாரியின் எஞ்சினைக் கழற்றி, உறுப்பு உறுப்பாக ஆராய்ந்து, தேய்ந்ததை நீக்கி, மீண்டும் பூட்டி ஓடச் செய்வது எவ்வாறு என்பதையும், அந்தப் பணியை மேற்கொண்டதனால் ஒரு தொழில் நிறுவனம் அழிவின் விளிம்புவரை சென்று மீண்ட கதையையும் சொல்லப் போகிறேன். இதில் இயந்திரவியல் கொஞ்சம் உண்டு. அதைக் கண்டு அஞ்ச வேண்டா. தெரிந்ததிலிருந்து தெரியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்குக் கற்பித்த முதல் விதி. அவ்விதியையே இங்கும் கைக்கொள்வேன்.

இங்கிலாந்தின் வடமேற்கே லங்காஷயர் என்றொரு மாவட்டம் உண்டு. பஞ்சாலைகளுக்குப் பெயர் பெற்ற அம்மாவட்டத்தில் லேலண்ட் என்பது ஒரு சிற்றூர். அங்கே கொல்லுப்பட்டறை வைத்திருந்த குடும்பம் ஒன்றில் பிறந்த ஜேம்ஸ் சம்னர் என்பவர் 1884-ஆம் ஆண்டில் நீராவியால் இயங்கும் வண்டி ஒன்றைச் செய்து பார்த்தார். பின்னர் ஸ்பரியர் குடும்பத்தார் அவருடன் கூட்டுச் சேர, 1896-இல் லங்காஷயர் நீராவி மோட்டார் கம்பெனி தோன்றியது. 1904-இல் அக்கம்பெனி தன் முதல் பெட்ரோல் வண்டியைச் செய்தது. 1907-இல் ஊரின் பெயரையே தன் பெயராக ஏற்று லேலண்ட் மோட்டார்ஸ் ஆயிற்று. நம் நாட்டுச் சாலைகளிலே ஓடும் லாரிகளின் நெற்றியில் இன்றும் காணப்படும் லேலண்ட் என்ற சொல், இந்தச் சிற்றூரின் பெயரே ஆகும்.

முதல் உலகப் போர் மூள்வதற்கு முன்னரே, போர் வந்தால் லாரிகள் மிகுதியாகத் தேவைப்படும் என்பதை ஆங்கிலப் போர்த்துறை உணர்ந்திருந்தது. ஆனால் அமைதிக் காலத்தில் ஆயிரக்கணக்கான வண்டிகளை வாங்கி நிறுத்திவைக்கப் பணம் இல்லை. ஆகவே ஓர் உபாயம் செய்தார்கள். படைத்துறை ஒப்புக்கொண்ட அமைப்பிலுள்ள லாரியைத் தனியார் வாங்கினால், அவர்களுக்கு அரசு உதவித்தொகை தரும். போர் மூண்டால் அந்த வண்டியை அரசிடம் ஒப்படைத்துவிட வேண்டும். இத்திட்டத்திற்காக 1912-இல் நடந்த சோதனைகளில் லேலண்ட் லாரிகள் தேறின. 1914-இல் போர் மூண்டது. போர் முடிவதற்குள் 5,932 வண்டிகளை அந்நிறுவனம் படைகளுக்குச் செய்து கொடுத்தது. அவற்றுள் பெரும்பகுதி விமானப் படைக்குச் சென்ற மூன்று டன் லாரிகள். அதனால் அந்த லாரிக்கு விமானப்படை வகை என்ற பெயரே நிலைத்துவிட்டது.

1918 நவம்பரில் போர் ஓய்ந்தது. படைகள் கலைந்தன. ஆயிரக்கணக்கான லாரிகள் கேட்பாரற்று நின்றன. அவற்றின் நிலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். குண்டு விழுந்து பள்ளமான சாலைகளில், காற்றடைக்காத கெட்டி ரப்பர்ச் சக்கரங்களின்மேல், அளவுக்கு மிஞ்சிய பாரத்தோடு ஓடியவை அவை. அவசரத்தில் பயிற்சி பெற்ற ஓட்டுநர்கள் ஓட்டியவை. போர்முனையில் ஒரு வண்டி நின்றால் பக்கத்து வண்டியின் உறுப்பைக் கழற்றிப் பூட்டி ஓட்டியிருப்பார்கள். இறுதியில் மழையிலும் பனியிலும் திறந்த வெளியில் கிடந்தன.

இங்கிலாந்திலே ஸ்லவ் என்னும் ஊரில் படைத்துறை வண்டிகளைப் பழுது பார்ப்பதற்கென 1918-இல் அரசு ஒரு பெரிய நிலப்பரப்பை எடுத்துக்கொண்டது. 1920-இல் அந்த இடமும், அங்கிருந்த கொட்டகைகளும், பல்லாயிரம் பழைய வண்டிகளும் சேர்த்து எழுபது இலட்சம் பவுனுக்கு மேற்பட்ட விலைக்குத் தனியார் கம்பெனி ஒன்றிற்கு விற்கப்பட்டன. பழுது பார்த்து விற்கும் வேலை அங்கே சில ஆண்டுகள் நடந்தது. வண்டிகள் தீர்ந்த பின் அந்த இடமே ஒரு தொழிற்பேட்டையாக மாறிப் புகழ் பெற்றது. பழைய வண்டி வாணிகம் எத்துணைப் பெரிதாக இருந்தது என்பதற்கு இஃது ஒன்றே சான்று.

இனி, இந்த லாரிகளை வாங்கியவர் யார்? போரிலிருந்து திரும்பிய இளைஞர் பலர் அவற்றை வாங்கினர். படையில் லாரி ஓட்டக் கற்றிருந்தார்கள். விடைபெறும்போது அரசு கொடுத்த நன்கொடைப் பணம் கையில் இருந்தது. ஒரு லாரி வாங்கிப் பாரம் ஏற்றிப் பிழைக்கலாம் என்று எண்ணினார்கள். அவர்களுக்கு அந்த எஞ்சின்தான் நிலம். அந்த எஞ்சின்தான் ஏர்மாடு. அது வழியில் நின்றால் வாழ்வே நின்றது. வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவது புதிதாக அடித்த வண்ணம் மட்டுமே. உள்ளே இருக்கும் தேய்மானம் தெரியாது. மாட்டுச் சந்தையிலே உழவன் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறான், நடக்கவிட்டுப் பார்க்கிறான், சுழி பார்க்கிறான். எஞ்சினுக்குப் பல் எங்கே இருக்கிறது? அதனைத்தான் இப்பொழுது பார்க்கப் போகிறோம்.

பெட்ரோல் எஞ்சினின் வேலையைச் சுருக்கமாக நினைவுகூர்வோம். குழல் போன்ற சிலிண்டருக்குள் பிஸ்டன் மேலும் கீழும் ஓடுகிறது. பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவையை அஃது உள்ளிழுக்கிறது, நெருக்குகிறது, மின்பொறி பட்டுக் கலவை எரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது, பின்னர்ப் புகை வெளியேறுகிறது. பிஸ்டனின் மேல்கீழ் ஓட்டத்தைக் கனெக்டிங் ராடு என்னும் தண்டு கிராங்க் ஷாஃப்டிற்குக் கொண்டு சென்று சுழற்சியாக மாற்றுகிறது. கிணற்றுக் கவலையிலே மாடு முன்னும் பின்னும் நடக்க, உருளை சுழல்வதைக் கண்டவர்களுக்கு இது விளங்காமற் போகாது. நெருக்கிய கலவை கசியாமல் இருக்கப் பிஸ்டனைச் சுற்றி வளையங்கள் உண்டு. கலவை வரும் வழியையும் புகை போகும் வழியையும் அடைத்துத் திறப்பவை வால்வுகள். சுழலும் தண்டுகளைத் தாங்குபவை பேரிங்குகள்.

தேர்ந்த தொழிலாளி பழைய எஞ்சினைக் கண்டவுடன் அதனைக் கழற்றத் தொடங்கமாட்டான். மருத்துவர் நோயாளியை முதலில் வினவுவதுபோல், அவன் முதலில் எஞ்சினை வினவுகிறான். முன்புறத்துக் கைப்பிடியால் அதை மெல்லச் சுழற்றுகிறான். ஒவ்வொரு சிலிண்டரும் கலவையை நெருக்கும் வேளையில் கையில் ஓர் எதிர்ப்புத் தோன்ற வேண்டும். நான்கு சிலிண்டர்களில் ஒன்றில் எதிர்ப்புக் குறைந்தால், அங்கே காற்றுக் கசிகிறது. வளையத்தின் வழியே கசிகிறதா, வால்வின் வழியே கசிகிறதா? அதை அறிய எளிய முறை ஒன்று உண்டு. அந்தச் சிலிண்டருக்குள் சிறிது எண்ணெயை ஊற்றி மீண்டும் சுழற்றுகிறான். எண்ணெய் வளையத்தைச் சூழ்ந்து இடைவெளியை அடைக்கும். இப்பொழுது எதிர்ப்புக் கூடினால் குற்றம் வளையத்தினது. கூடாவிட்டால் குற்றம் வால்வினது. மாணவர்களே, இதில் அறிவியல் முறை முழுவதும் அடங்கியிருப்பதைக் காண்கிறீர்கள் அன்றோ? இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்றை மட்டும் மாற்றிப் பார். விளைவு மாறுகிறதா என்று நோக்கு. ஆய்வுக்கூடத்தில் பல நாள் கற்பிக்கும் பாடத்தை ஒரு கரண்டி எண்ணெய் கற்பித்துவிடுகிறது.

அதன் பின்னரே கழற்றல். இங்கேயும் ஒழுங்கு வேண்டும். எந்தப் பேரிங்கின் மூடி எந்த இடத்தினது, எந்தப் பக்கம் முன்னோக்கியது என்று ஒவ்வொன்றிலும் அடையாளம் இட வேண்டும். ஏனெனில் மூடியைப் பூட்டிய நிலையில்தான் அத்துளை கடையப்பட்டிருக்கும். ஒன்றன் மூடியை மற்றொன்றில் வைத்தால் துளை வட்டமாக இராது. நீண்ட நாள் ஓடிய சிலிண்டரின் மேல்விளிம்பில், வளையம் எட்டாத இடத்தில், தேயாத ஒரு வரம்பு நிற்கும். அதை முதலில் நீக்காமல் பிஸ்டனை வலிந்து மேலே இழுத்தால் பிஸ்டன் உடையும். அவசரம் எஞ்சினுக்குப் பகை.

உறுப்புகளைக் கழுவித் துடைத்த பின் அளவெடுத்தல் தொடங்குகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். அப்பழமொழி அடுக்களைக்குப் பொருந்தும், எஞ்சினுக்குப் பொருந்தாது. ஒரு சிலிண்டர் நன்றாக இருப்பதால் அடுத்ததும் நன்றாக இருக்கும் என்று கொள்ள முடியாது. ஒரே சிலிண்டரிலும் மேற்பகுதி வேறு, கீழ்ப்பகுதி வேறு. மேற்பகுதியில் வெப்பமும் அழுத்தமும் மிகுதி, எண்ணெய் குறைவு. ஆகவே அங்கே தேய்மானம் அதிகம். கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் பக்கவாட்டில் அழுந்துகிறது. எனவே வட்டமாக இருந்த குழல் நாளடைவில் முட்டை வடிவம் பெறுகிறது. மேலே, நடுவே, கீழே என மூன்று மட்டங்களிலும், ஒவ்வொரு மட்டத்திலும் குறுக்கும் நெடுக்குமாக இரு திசைகளிலும் அளந்தால் ஒரு சிலிண்டருக்கு ஆறு அளவுகள்; நான்குக்கு இருபத்துநான்கு. கிராங்க் ஷாஃப்டின் ஒவ்வொரு கழுத்தையும் அதுபோலவே அளக்க வேண்டும்.

அந்த அளவு எத்துணை நுட்பமானது தெரியுமா? ஓர் அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது இத்தொழிலின் அலகு. நம் தலைமயிர் ஒன்றின் தடிப்பு அதைப்போல் ஏறத்தாழ மூன்று மடங்கு. அத்தகைய நுண்ணளவைக் கண்ணால் காண இயலாது. அதற்குக் கருவி வேண்டும். 1848-இல் பிரெஞ்சுக்காரரான பால்மர் திருகின் சுழற்சியால் அளக்கும் கைக்கருவிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவே இன்றைய மைக்ரோமீட்டரின் மூதாதை. இங்கிலாந்தில் ஜோசப் விட்வொர்த் என்பவர் உண்மையான சமதளப் பரப்பை உண்டாக்கும் முறையை விளக்கியதோடு, 1841-இல் திருகு மரைகளுக்கு ஒரு பொது அளவையும் முன்வைத்தார். அதற்கு முன் ஒரு பட்டறையின் போல்ட் மற்றொரு பட்டறையின் மரைக்குப் பொருந்தாது.

ஒரே அளவில் செய்த உறுப்புகளின் பயனை 1908-ஆம் ஆண்டில் உலகம் கண்கூடாகக் கண்டது. அமெரிக்கக் காடிலாக் கார்கள் மூன்றை இங்கிலாந்தின் புரூக்லண்ட்ஸ் என்னுமிடத்தில் முற்றிலும் கழற்றினார்கள். உறுப்புகளையெல்லாம் ஒன்றாகக் கலந்தார்கள். சிலவற்றை எடுத்துவிட்டு அவற்றுக்கு ஈடாகச் சரக்கறையிலிருந்த புதிய உறுப்புகளையும் சேர்த்தார்கள். அக்குவியலிலிருந்து மீண்டும் மூன்று கார்களைப் பூட்டினார்கள். அரம் பிடித்து ராவுவதற்கு இடமில்லை. மூன்றும் ஓடின, ஐந்நூறு மைல் ஓட்டத்திலும் தேறின. அந்த அருஞ்செயலுக்காகத் துவார் கோப்பை அந்நிறுவனத்திற்கு வழங்கப்பட்டது. பழைய எஞ்சினைப் புதுக்குவது ஒரு பெருந்தொழிலாக வளர முடிந்ததற்கு இந்த ஒப்பளவே அடிப்படை.

மீண்டும் நம் பட்டறைக்கு வருவோம். முட்டை வடிவமான சிலிண்டரை என்ன செய்வது? சற்றுப் பெரிய வட்டமாகக் கடைந்து, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் போட வேண்டும். இதனை ரீபோர் என்பார்கள். கிராங்க் ஷாஃப்டிற்கு இதன் மறுதலை: தேய்ந்த கழுத்தைச் சாணை பிடித்துச் சற்றுச் சிறிய வட்டமாக்கி, அதற்கேற்ற சிறிய பேரிங்கைப் பொருத்த வேண்டும். சாணை பிடிக்கும்போது கழுத்தின் இருபுற மூலைகளிலும் உள்ள சிறு வளைவைக் காக்க வேண்டும். மூலை கூராகிவிட்டால் பளு முழுவதும் அங்கே குவிந்து, பல்லாயிரம் சுழற்சிகளுக்குப் பின் மயிரிழை வெடிப்புத் தோன்றி, ஒருநாள் தண்டே முறியும்.

அக்காலத்துப் பேரிங்குகள் இன்றுள்ளவை போலப் பெட்டியில் வருபவை அல்ல. வெள்ளீயத்தோடு ஆன்டிமனியும் செம்பும் சேர்த்து உருக்கிய வெள்ளை உலோகத்தை அச்சில் வார்த்துச் செய்தவை. அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839-இல் காப்புரிமை பெற்ற முறையின் வழித்தோன்றல் அது. வார்த்த பின் தொழிலாளி தண்டின்மேல் நீலச் சாயத்தை மெல்லியதாகப் பூசி, பேரிங்கில் வைத்துச் சுழற்றி எடுப்பான். நீலம் பட்ட இடமெல்லாம் மேடு. அதைச் சுரண்டியால் சிறிதே சுரண்டுவான். மீண்டும் பூசுவான், மீண்டும் சுரண்டுவான். பரப்பு முழுவதும் நீலம் சீராகப் படரும்வரை இது நடக்கும். விரைவுபடுத்த வழியே இல்லை.

வெடிப்பைக் கண்டுபிடிப்பது இன்னொரு கலை. குளிர்நாட்டிலே இரவில் எஞ்சினின் நீரை வடித்துவிடாமல் மறந்தால், நீர் உறைந்து விரிந்து வார்ப்பிரும்பைப் பிளந்துவிடும். அந்த வெடிப்புக் கண்ணுக்குப் புலப்படாது. ஆகவே அவ்விடத்தில் மண்ணெண்ணெயைப் பூசி ஊறவிட்டு, துடைத்து, அதன்மேல் சுண்ணத் தூளைப் பூசுவார்கள். வெடிப்பில் ஊறிய எண்ணெய் மெல்லக் கசிந்து வெண்மையின்மேல் ஒரு கறுத்த கோடாகத் தோன்றும். தண்டைத் தொங்கவிட்டுச் சுத்தியால் தட்டிப் பார்ப்பதும் உண்டு. நல்ல தண்டு மணிபோல் ஒலிக்கும். வெடித்த தண்டு ஓட்டைப் பானைபோல் ஒலிக்கும். சட்டி வாங்கும் நம் தாய்மார் சுண்டிப் பார்ப்பதும் இதுவே அன்றோ?

இத்தனையும் ஓர் எஞ்சினுக்கு. இப்பொழுது மூவாயிரம் எஞ்சின்களை எண்ணிப் பாருங்கள்!

போருக்குப் பின் லேலண்ட் நிறுவனத்தின் முன் நின்ற கேள்வி இதுதான். தன் பெயர் தாங்கிய லாரிகள் எவரெவர் கையிலோ அகப்பட்டு, மேலே வண்ணமும் உள்ளே பழுதுமாக விற்கப்படுமாயின், வழியில் நிற்கும் ஒவ்வொரு வண்டியும் லேலண்டின் பெயரையே கெடுக்கும். வாங்கியவன் இடைத்தரகனை நினைக்கமாட்டான். நெற்றியில் எழுதிய பெயரையே நினைப்பான். மேலும் மலிவான பழைய வண்டிகள் சந்தையை நிரப்பினால் புதிய வண்டி விற்காது. ஆகவே நிறுவனம் துணிந்து ஒரு முடிவு செய்தது. ஏறத்தாழ மூவாயிரம் விமானப்படை வகை லாரிகளைத் தானே திரும்ப வாங்கியது. லண்டனுக்குத் தென்மேற்கே, தேம்ஸ் ஆற்றங்கரையிலுள்ள கிங்ஸ்டனுக்கு அருகில் ஹாம் என்னுமிடத்தில், போர்க்காலத்தில் விமானம் கட்டுவதற்காக எழுந்த பெரிய தொழிற்சாலை ஒன்றை எடுத்துக்கொண்டு, அவ்வண்டிகளைக் கழற்றிப் புதுக்கி விற்கத் தொடங்கியது.

இம்முடிவில் அறம் மட்டுமே இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். தன்னலமும் இருந்தது. வரலாற்றில் பெரும்பாலான நற்செயல்கள் இவ்விரண்டும் கலந்தே நடந்திருக்கின்றன. அதனால் அவற்றின் மதிப்புக் குறைவதில்லை. ஆனால் காலம் ஒத்துழைக்கவில்லை. 1920-இன் பிற்பகுதியில் இங்கிலாந்தின் வாணிகம் சரிந்தது. வண்டிகளை வாங்கவும் புதுக்கவும் கொட்டிய பணம் எளிதில் திரும்பவில்லை. அதே காலத்தில் விலையுயர்ந்த சொகுசுக் கார் ஒன்றையும் நிறுவனம் செய்து பார்த்தது. மிகச் சிலவே விற்றன. எல்லாம் சேர்ந்து லேலண்ட் பெருநட்டத்தில் வீழ்ந்தது. ஒருகாலத்தில் படைகளுக்கே வண்டி ஈந்த நிறுவனம், கடன்காரரிடம் தவணை கேட்கும் நிலைக்கு வந்தது.

அந்நாளில் கணக்குப் புத்தகத்தை மட்டும் பார்த்தவர், பழைய இரும்பை வாங்கிப் பணத்தைப் பாழாக்கினார்கள் என்றே சொல்லியிருப்பார். அவர் கூற்றில் உண்மை உண்டு. முதலாளியின் பணம் மட்டுமன்று, தொழிலாளர் ஆயிரக்கணக்கானோர் பிழைப்பும் அம்முடிவில் பணயமாக வைக்கப்பட்டிருந்தது. நிறுவனம் மூழ்கியிருந்தால் நற்பெயர் யாருக்கு உணவளித்திருக்கும்?

நிறுவனம் மூழ்கவில்லை. புதிய நிர்வாகம் செலவைச் சுருக்கியது. 1925-இல் லயன் முதலிய விலங்குப் பெயர்கள் கொண்ட புதிய பேருந்து வகைகள் வெளிவந்தன. 1927-இல் ராக்கம் என்னும் பொறியாளர் வகுத்த டைட்டன், டைகர் வகைகள் வந்தன. தாழ்ந்த உயரமுடைய டைட்டன் மாடிப் பேருந்து இங்கிலாந்தின் நகரங்களில் பெருமதிப்புப் பெற்றது. லேலண்ட் மீண்டும் தலைநிமிர்ந்தது. லேலண்ட் லாரி உழைக்கும் என்ற நம்பிக்கை அதுவரை அழியாமல் காக்கப்பட்டிருந்தது இம்மீட்சிக்குத் துணைசெய்தது என்பதே என் கருத்து. புதுக்கப்பட்ட அந்த லாரிகள் பல ஆண்டுகள் சாலைகளில் உழைத்தன. சில இன்றும் ஆர்வலர்களால் பேணப்படுகின்றன.

நம் நாட்டோடும் இக்கதைக்கு ஒரு தொடர்பு உண்டு. 1948-இல் ரகுநந்தன் சரண் தொடங்கிய அசோக் மோட்டார்ஸ், சென்னைக்கு வடக்கே எண்ணூரில் முதலில் ஆஸ்டின் கார்களைப் பூட்டிக்கொண்டிருந்தது. பின்னர் லேலண்டுடன் உடன்பாடு கண்டு லாரிகளின் பக்கம் திரும்பியது. 1955-இல் அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது. தாய் நிறுவனமான ஆங்கில லேலண்ட் காலப்போக்கில் மறைந்துவிட்டது. எண்ணூரில் வேர்விட்ட கிளை அதன் பெயரை இன்றும் சுமக்கிறது. 1920-களில் அப்பெயர் கெட்டிருந்தால், அதைக் கடல் கடந்து யாரும் கேட்டு வாங்கியிருக்கமாட்டார்கள்.

பழைய எஞ்சினைப் புதுக்கும் இக்கலை எப்பொழுதும் நற்பெயரைக் காப்பதற்கே பயன்பட்டது என்று எண்ணிவிடாதீர்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் பசிபிக் தீவுகளில் கைவிடப்பட்டுக் கிடந்த அமெரிக்க வண்டிகளையும் படைக்கலங்களையும் திரட்டி, ஜப்பானியப் பட்டறைகளில் புதுக்கினார்கள். 1950 ஜூனில் கொரியப் போர் மூண்டபோது, ஜப்பானிலிருந்த நான்கு அமெரிக்கப் படைப்பிரிவுகளின் மோட்டார் வண்டிகளில் நூற்றுக்கு ஏறத்தாழ 75 இவ்வாறு புதுக்கப்பட்டவை. ஒரு போரின் எச்சம் அடுத்த போரின் முதலாயிற்று. சுரண்டியும் மைக்ரோமீட்டரும் யாருக்கும் உழைக்கும். எதற்கு உழைக்க வேண்டும் என்பதைக் கருவி சொல்லாது, மனிதனே சொல்ல வேண்டும்.

பழைய லாரிகளை மீட்டெடுத்து ஓட்டும் ஆர்வலர்கள் இன்று பல நாடுகளில் உள்ளனர். 1958-இல் இங்கிலாந்தில் அதற்கெனவே ஒரு சங்கம் தோன்றியது. லேலண்ட் ஊரிலேயே 1983-இல் வணிக வண்டிகளுக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. நூறாண்டு கடந்த ஓர் எஞ்சினைத் திறக்கும் இவர்களுக்கு ஒரு புதிய ஐயம் எழுகிறது. வெடித்த வார்ப்பைத் தூக்கி எறிந்துவிட்டுப் புதிதாக வார்ப்பதா, அல்லது வெடிப்பின் நெடுகிலும் துளையிட்டு உலோகத் தையல் போட்டுப் பழையதையே காப்பதா? எல்லாவற்றையும் மாற்றிவிட்டால் வண்டி ஓடும். ஆனால் அது பழைய வண்டியாக இராது. ஒன்றையும் மாற்றாவிட்டால் பழைய வண்டியாக இருக்கும், ஆனால் ஓடாது. ஆகவே நல்ல தொழிலாளி அளந்து பார்த்து, இன்னும் உழைக்கக் கூடியதை வைத்துக்கொள்கிறான். உழைக்க இயலாததை மட்டும் நீக்குகிறான். எதை நீக்கினான் என்பதை எழுதியும் வைக்கிறான்.

மாணவர்களே, பழைய கோயில்களைத் திருப்பணி செய்வோருக்கும், ஏட்டுச் சுவடிகளைப் பதிப்பிப்போருக்கும் இதே ஐயம் உண்டு. அவர்களுக்கும் இதே விடைதான். பழையது என்பதற்காக எதையும் போற்றவும் வேண்டா. பழையது என்பதற்காகவே எதையும் எறியவும் வேண்டா. முதலில் கைப்பிடியைச் சுழற்றிப் பாருங்கள், அடையாளமிட்டுக் கழற்றுங்கள், ஒவ்வொன்றையும் மூன்று மட்டங்களில், இரு திசைகளில் அளந்து பாருங்கள். அதன் பின்னர்ச் சொல்லும் தீர்ப்பே தீர்ப்பு. நீங்கள் எத்தொழிலை மேற்கொண்டாலும், உங்கள் கையை விட்டுப் போன பொருளின்மேல் உங்கள் பெயர் எழுதியிருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள். விற்ற அன்றோடு அந்தப் பெயரின் பொறுப்புத் தீர்ந்துவிடுவதில்லை.